பின்பாரம்

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் சொந்தமாக விமானம் கட்டிக்கொண்டிருக்கும், கட்ட நினைத்திருக்கும் தம்பிகளுக்கும் அம்மணிகளுக்கும்,



போன சித்திரையில் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளைக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். கொப்பரை காய வைக்கிற களத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே தேங்காய் மட்டைக் குவியலுக்கும் பழைய டில்லருக்கும் நடுவில், இரண்டு பேர் அருகருகே உட்காரும் சின்ன விமானம் நின்றது. உடம்புக்கு எஃகுக் குழாய், இறக்கைக்கு அலுமினியம், மேலே இழுத்துக் கட்டிய துணி, வாலுக்கு மட்டும் ஃபைபர் உறை. மூன்று பேர் நாலு வருடமாகக் கட்டியது. ஒருவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். இன்னொருத்தி ஏரோநாட்டிகல் படித்துவிட்டு வேறு ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிற அம்மணி. மூன்றாமவர் அந்தத் தோட்டக்காரரின் மகன். வெல்டிங்கைத் தடவிப் பார்த்தேன். நாற்பது வருடம் டூல்ரூமில் இருந்த கைக்கு அது பிடித்திருந்தது.

எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, மட்டைத் தூசி எல்லார் தலையிலும் விழுந்தது. அணைத்த பிறகு கேட்டேன், "எடை போட்டீங்களா?"

"மொத்தம் இருநூத்தம்பது கிலோவுக்குள்ள வருதுங்கய்யா."

"மொத்தம் கெடக்கட்டும். எந்தச் சக்கரத்துல எத்தனை?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குழாய் இத்தனை, எஞ்சின் இத்தனை, துணி இத்தனை என்று தனித்தனியாக நிறுத்துக் கூட்டி வைத்திருந்த தொகை அது. விமானம் முழுசாகத் தராசில் ஏறவே இல்லை. அந்த முழிப்பைப் பார்த்ததால்தான் இந்த மடல். அந்த மூவரைக் குறை சொல்வதற்காக இல்லை. இதே கேள்வியை இன்னும் மூன்று கொட்டகைகளில் கேட்டேன், அங்கும் அதே முழிப்புத்தான்.

நம் பக்கத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர்கள் வீட்டில் இன்னும் இருந்தால் அவர்களிடம் போய், முன்பாரம் என்றால் என்ன, பின்பாரம் என்றால் என்ன என்று கேளுங்கள். வண்டிக்கு இருப்பது ஒரே அச்சு. நிலக்கடலை மூட்டையை அச்சுக்கு முன்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். மாடு திணறும், மேட்டில் நிற்கும், ஆனாலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். அச்சுக்குப் பின்னால் அதிகம் ஏற்றினால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் வண்டி குடை சாய்ந்து மாட்டை அந்தரத்தில் தூக்கும். எங்கள் அப்பாவின் வண்டிக்காரர் ஏற்றி முடித்ததும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கை கொஞ்சம் கனத்தை உணர வேண்டும். உணராவிட்டால் பின்னாலிருந்து ஒரு மூட்டையை இறக்கி முன்னால் வைக்கச் சொல்வார். அதற்குமேல் மிச்சமிருக்கிற சின்ன வித்தியாசத்தைச் சரிசெய்யத் தன்னையே நகர்த்திக்கொள்வார், முன்னே தள்ளியோ பின்னே தள்ளியோ உட்கார்ந்து.

விமானத்திலும் விஷயம் இதுவேதான். அச்சு இருக்கும் இடத்தில் காற்று தாங்கும் புள்ளி இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பது மட்டும் வித்தியாசம். பாரத்தின் மையம் அந்தப் புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். மூக்கு கீழே இறங்கப் பார்க்கும், பின்னால் இருக்கிற வால் இறக்கை தன்னைக் கீழ்நோக்கி அழுத்தி அதைச் சரிக்கட்டும். அப்படி இருந்தால், ஒரு காற்றடித்து மூக்கு மேலே எழும்பினாலும் விமானம் தானாகத் திரும்பி வந்து நிற்கும். மையம் பின்னால் போகப் போக அந்தத் தானாகத் திரும்புகிற குணம் குறைந்துகொண்டே வரும். ஒரு புள்ளியில் அது மறைந்துவிடும். அதையும் தாண்டினால் மூக்கு எழும்ப ஆரம்பித்தால் எழும்பிக்கொண்டேதான் போகும்.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. பின்பாரம் ஏறிய விமானம், குறிப்பிட்ட அளவுவரை, ஓட்டச் சுகமாக இருக்கும். விமானி பிடிக்கிற குச்சி இலேசாகும், விரல் நுனியில் திரும்பும். வால் கீழ்நோக்கி அழுத்த வேண்டிய வேலை குறைவதால் வேகம்கூட ஒரு துளி கூடும். "நம்ம வண்டி என்னமா கேக்குது பாருங்க" என்று கட்டியவர் பெருமைப்படுகிற நேரமும், அது அவர் கையை விட்டுப் போகிற நேரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

அன்றைக்கே எடை போட்டோம். கொப்பரை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு ஒன்று அங்கேயே இருந்தது, பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு வாங்கினோம். முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்து மூன்றையும் முதலில் சோதித்தோம். அதில் ஒன்று மட்டும் இரண்டு கிலோ பொய் சொன்னது, அதைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்று வந்தது. விமானத்தை மூன்று தராசின் மேலும் ஏற்றி, ரசமட்டம் வைத்து, பறக்கும்போது எப்படி நிற்குமோ அப்படி நிமிர்த்தினோம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் கோடு போட்டோம். எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான்.

மூக்குச் சக்கரம் கோட்டுக்கு 90 செ.மீ. முன்னால், பின்சக்கரங்கள் இரண்டும் 60 செ.மீ. பின்னால். மூக்குச் சக்கரத்தில் 48 கிலோ காட்டியது, பின்சக்கரங்களில் 101, 101. மொத்தம் சரியாக 250. இனி எட்டாம் வகுப்புக் கணக்கு. 202 கிலோவை 60-ஆல் பெருக்கினால் 12,120. முன்னால் இருக்கிற 48-ஐ 90-ஆல் பெருக்கினால் 4,320, அதைக் கழிக்க வேண்டும். மீதி 7,800. அதை 250-ஆல் வகுத்தால் 31.2 செ.மீ. அவர்களுடைய இறக்கையின் அகலம், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, 130 செ.மீ. ஆக, வெறும் விமானத்தின் மையம் இறக்கை அகலத்தில் 24 சதவீதத்தில் நிற்கிறது. அவர்கள் கையில் இருந்த வரைபடம் 20 முதல் 30 வரை அனுமதிக்கிறது. மூவர் முகத்திலும் வெளிச்சம் வந்தது.

"வெறும் வண்டி யாருக்கு வேணும்? பாரம் ஏத்துங்க" என்றேன்.

இரண்டு ஆள் 150 கிலோ, இருக்கை 45 செ.மீ.யில். பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால், 80 செ.மீ.யில், நிரப்பினால் 40 கிலோ. கூட்டிப் பெருக்கி வகுத்தால் 440 கிலோவுக்கு மையம் 40.3 செ.மீ. அதாவது 31 சதவீதம். எல்லையைத் தாண்டிவிட்டது. சாமான் தட்டில் பத்துக் கிலோ பை ஒன்று வைத்தால் 33-ஐத் தொடுகிறது. நாலு வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய விமானம், இரண்டு பேரும் நிறைந்த டேங்க்குமாக முதல் தடவை கிளம்பியிருந்தால் பின்பாரத்தோடுதான் கிளம்பியிருக்கும்.

எங்கிருந்து வந்தது இது? வாலைத் தட்டிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. கார் பெயின்ட் அடிக்கிற ஒருவரைக் கூட்டிவந்து பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பட்டி பார்த்து, மூன்று கோட் அடித்திருக்கிறார்கள். ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும் என்றார்கள். ஒன்றரைக் கிலோதானே என்று நினைக்காதீர்கள். அது உட்கார்ந்திருப்பது கோட்டிலிருந்து 360 செ.மீ. பின்னால். வெறும் விமானத்தின் மையத்தை அது மட்டுமே 2 செ.மீ. பின்னுக்கு இழுத்திருந்தது. அப்புறம் பேட்டரி. எஞ்சின் பக்கம் சூடு அதிகம் என்று நாலு கிலோ பேட்டரியை இருக்கைக்குப் பின்னால் 110 செ.மீ.யில் வைத்திருந்தார்கள். அதைத் தூக்கி எஞ்சின் தடுப்புச் சுவருக்கு முன்னால், கோட்டுக்கு 60 செ.மீ. முன்னே கொண்டுபோனால் கணக்கு 38.8 செ.மீ.க்கு வந்து நிற்கிறது. 29.8 சதவீதம். எல்லைக்குள், ஆனால் விளிம்பில். சாமான் தட்டை ரிவெட் அடித்து மூடச் சொன்னேன். டேங்க்கை முன்னால் கொண்டுவருவதைப் பற்றி அம்மணி அப்போதே பேப்பரில் கிறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

பட்டியைப் பற்றி இன்னொன்று. வாலில் அசைகிற எலிவேட்டர், ரட்டர், இறக்கையில் அசைகிற எய்லரான் இவற்றில் கீலுக்குப் பின்னால் ஏறுகிற ஒவ்வொரு கிராமும் வேகத்தில் படபடப்பை வரவழைக்கும். தட்டான் இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு சில நொடியில் பிய்ந்துபோன வால்கள் உண்டு. பெயின்ட் அடித்த பிறகு அந்தப் பாகங்களைக் கழற்றிக் கீலில் தொங்கவிட்டு மறுபடி சமன் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

இனி ஸ்டால். இந்த வார்த்தையைக் கேட்டதும் எஞ்சின் நின்றுபோவது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆடி மாதக் காற்றில் கூரைத் தகரம் ஒன்றைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இது தெரியும். தகரத்தின் முன்விளிம்பைக் கொஞ்சம் தூக்கினால் காற்று தகரத்தை மேலே தூக்கும், ஆளையே இலேசாக்கும். இன்னும் கொஞ்சம் தூக்கினால் இன்னும் தூக்கும். ஒரு அளவுக்கு மேல் சாய்த்தால் தூக்குவது சட்டென நின்று, தகரம் உங்களைப் பின்னால் தள்ளும். இறக்கைக்கும் அதே கதி. வருகிற காற்றுக்கும் இறக்கைக்கும் இடையே கோணம் 15, 16 பாகை தாண்டினால், சாதாரண இறக்கைகளில், மேல்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு விடும். அதுதான் ஸ்டால். வேகம் குறைந்தால் கோணத்தைக் கூட்டித்தான் பாரத்தைத் தாங்க முடியும் என்பதால் மெதுவாகப் போகும்போது அது வருகிறது. ஆனால் வேகமாகப் போகும்போதும் குச்சியை வெடுக்கென்று இழுத்தால் வரும். 

திருப்பத்தில் இன்னும் மோசம். 45 பாகை சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும். 60 பாகை சாய்த்தால் விமானத்துக்குத் தன் எடை இரண்டு மடங்காகத் தெரியும், ஸ்டால் வேகம் 41 சதவீதம் ஏறும். நேராகப் போகும்போது 60 கி.மீ.யில் ஸ்டால் ஆகிற உங்கள் விமானம் அந்தத் திருப்பத்தில் 85-இலேயே கைவிட்டுவிடும். இறங்குவதற்கான கடைசித் திருப்பத்தில், ஓடுபாதையைத் தாண்டிப் போய்விட்டோமே என்று ரட்டரை மிதித்து மூக்கை இழுத்து, உலகம் முழுக்கப் பலர் இதில் விழுந்திருக்கிறார்கள். உள்பக்க இறக்கை முதலில் கைவிடும், விமானம் தட்டாமாலை சுற்றும். 150 மீட்டர் உயரத்தில் தட்டாமாலைக்கு இடமில்லை.

பின்பாரமும் ஸ்டாலும் சேர்கிற இடம் இதுதான். முன்பாரம் உள்ள விமானம் ஸ்டால் ஆனால் மூக்கு தானாகக் கீழே விழும், வேகம் பிடிக்கும், மீண்டுவிடும். அதன் தொந்தரவெல்லாம் இறங்கும்போதுதான். மூக்கைத் தூக்கப் போதுமான பலம் வாலுக்கு இல்லாமல் மூக்குச் சக்கரம் முறியும், புரொப்பெல்லர் உடையும். பணம் போகும். பின்பாரம் உள்ளது ஸ்டால் ஆனால் மூக்கு இறங்க மறுக்கும். சுழல ஆரம்பித்தால் தட்டையாகச் சுழலும். எலிவேட்டரைத் தள்ளினாலும் வால் அந்த மூக்கைக் கீழே கொண்டுவர முடியாது.

சூலூரிலிருந்து கிளம்புகிற தேஜஸ் போர் விமானத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். 45-ஆம் ஸ்குவாட்ரன் 2018-லும், 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020-லும் அங்கே தேஜஸோடு வந்து உட்கார்ந்தன. உங்களில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார், "தேஜஸ் பின்பாரம்தானேங்க, அது பறக்கலையா?" நல்ல கேள்வி. தேஜஸை வேண்டுமென்றே நிலையில்லாமல்தான் வடிவமைத்திருக்கிறார்கள், அப்போதுதான் சண்டையில் சட்டெனத் திரும்பும். ஆனால் விமானிக்கும் இறக்கைக்கும் நடுவில் கணினி உட்கார்ந்திருக்கிறது. ஒன்று பழுதானால் இன்னொன்று என்று நாலு தடம். நொடிக்குப் பல தடவை அது திருத்திக்கொண்டே இருப்பதால்தான் விமானி நிம்மதியாக இருக்கிறார். உங்கள் கொட்டகையில் இருப்பது குச்சியும் கேபிளும். அந்த நாலு தடம் செய்கிற வேலையை நீங்கள் மணிக்கட்டால் செய்ய வேண்டும்.

கோவைக்கு இந்த விமான ஆசை புதிதில்லை. பந்தயக் கார்களை இங்கேயே கட்டி, மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா பந்தயத்தை நம் பிள்ளைகளுக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்த எஸ். கரிவரதனுக்கு ஆகாயத்தின் மேலும் கண் இருந்தது. 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் போனார். அதன் காரணத்தை இங்கே நான் பேசப்போவதில்லை, அது என் வேலையும் இல்லை. செட்டிபாளையத்தில் இன்றைக்குப் பிள்ளைகள் கார் ஓட்டுகிற கரி மோட்டார் ஸ்பீட்வேயின் பக்கமாகப் போகும்போதெல்லாம், அந்த மண்ணுக்கு முதலில் நினைத்திருந்தது இலகு விமானங்களுக்கான ஓடுபாதை என்பது எனக்கு நினைவு வரும். கார் பக்கம் நம் ஊர் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போய் ஓட்டினார். கரிவரதன் இருந்திருந்தால் நம் ஊர் விமானம் எங்கே போயிருக்கும் என்பது நான் இராத்திரியில் சில நேரம் போடுகிற கணக்கு.

தமிழ்நாட்டுக்கே எடுத்துக்கொண்டால் இன்னும் பழசு. சென்னை மவுன்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டாஞ்சலிஸ் என்ற கோர்சிகாக்காரர் தன் திட்டப்படி சிம்சன் கம்பெனியில் ஒரு விமானம் கட்டச் சொல்லி, 1910 மார்ச்சிலேயே பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருடம்கூட ஆகவில்லை. கோச்சு வண்டி கட்டிய கம்பெனி, ஓட்டல்காரர், ஒரு விமானம். நம் ஆட்கள் எப்போதும் இப்படித்தான்.

ஆனால் உங்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைப்பது ஆன்றி மின்யே என்ற பிரெஞ்சுக்காரரின் கதை. ஸ்டாலைக் கண்டு பயந்தவர் அவர். எளிய ஆள் ஒருவன் தன் வீட்டிலேயே கட்டி, ஸ்டாலும் சுழலும் இல்லாமல் ஓட்டக்கூடிய விமானம் வேண்டும் என்று 1933-ல் ஒன்றைக் கட்டினார். ஆகாயப் பேன் என்று பெயர். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு இறக்கை, எய்லரான் கிடையாது, முன் இறக்கை முழுதும் சாய்ந்து மூக்கை ஏற்றி இறக்கும். 1934-ல் அதைக் கட்டும் விதத்தைப் புத்தகமாகப் போட்டார். ஐரோப்பா முழுக்கக் கார் ஷெட்டுகளில் ஆகாயப் பேன்கள் பிறந்தன. 1935-ல் அவரே அதில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அவை தலைகுப்புற விழுந்தன. விழுந்தவை எல்லாம் ஒரே மாதிரி, மூக்கு கீழே போய்த் திரும்பவே இல்லை.

1936-ல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலும் பிரான்சிலும் பெரிய காற்றுச் சுரங்கத்தில் முழு விமானத்தை வைத்துப் பார்த்தார்கள். காரணம் தெரிந்தது. மூக்கு ஒரு அளவுக்குமேல் கீழே இறங்கிய பிறகு விமானி குச்சியை இழுத்தால் முன் இறக்கையின் பின்விளிம்பு பின் இறக்கையை நெருங்கி இறங்கும். இரண்டுக்கும் நடுவே குறுகிய சந்து உண்டாகும், அதில் காற்று வேகமெடுத்துப் பின் இறக்கையை மேலே தூக்கும். பின்னால் தூக்கினால் மூக்கு இன்னும் கீழே. காப்பாற்றிக்கொள்ள இழுக்கிற இழுப்பே கவிழ்த்தது. போதாததற்கு ஆளாளுக்குக் கையில் கிடைத்த எஞ்சினை மாட்டியிருந்தார்கள், மையம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடம். இரண்டு நாடுகளிலும் பறக்கத் தடை வந்தது. மின்யே பொய்யர் இல்லை. தன் விமானத்தில் தானே பறந்தவர். அவருடைய விமானம் அவருக்குச் சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

இது ஏன் முக்கியம் என்றால், கோவையின் பலமும் இதில்தான் இருக்கிறது, ஆபத்தும் இதில்தான். நாம் ஒரு பம்ப்பைக் கண்ணால் பார்த்தே அதைவிட நல்ல பம்ப் செய்கிறவர்கள். வரைபடத்தில் 6 மி.மீ. என்றால், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று 8 போடுவோம். கிரைண்டருக்கும் மோட்டாருக்கும் அது புண்ணியம். மின்யேயின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் பட்டறைக்காரர்கள் செய்ததும் அதுதான். வாலில் நீங்கள் போடுகிற ஒவ்வொரு 'இருக்கட்டும்' பின்பாரம். எஞ்சினை மாற்றினால், சீட்டை இரண்டு அங்குலம் பின்னால் தள்ளினால், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டால் வரைபடக்காரர் போட்ட எல்லை உங்களுக்கு உத்தரவாதம் இல்லை. அது வேறு விமானம்.

இன்னொரு பாடம் பர்ட் ரூட்டனிடமிருந்து. 1975-ல் அவர் பறக்கவிட்ட வேரிஈஸியில் சின்ன இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால். முன்னால் இருப்பது முதலில் ஸ்டால் ஆகிற மாதிரி அமைத்தார், அதனால் பெரிய இறக்கை கைவிடுவதற்கு முன்பே மூக்கு தானாக இறங்கிவிடும். அற்புதமான யோசனை. ஆனாலும் மழையில் அந்த முன் இறக்கையில் நீர்த்துளி ஒட்டினால் தூக்கும் பலம் குறைந்து மூக்கு கீழே போனது. பிறகு ஜான் ரோன்ஸ் வேறு வடிவம் வரைந்து அதைச் சரிசெய்தார். உங்களில் சிலர் இணையத்தில் அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே கட்ட ஆசைப்படுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியில் சாரல் வீசுகிற ஊரில் எந்த வடிவத்தைக் கட்டுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அமைப்பில் பாரம் பின்னால் போய், பெரிய இறக்கை முதலில் கைவிட்டால், மூக்கு இறங்காமல் தட்டையாக விழும்.

ஸ்டால் எப்படி வருகிறது என்பதை நீங்கள் கட்டும்போதே தீர்மானிக்கலாம். இறக்கையின் நுனியை அடிப்பகுதியைவிட இரண்டு மூன்று பாகை குறைவாகத் திருகிக் கட்டினால் அடிப்பகுதி முதலில் கைவிடும், நுனியில் இருக்கிற எய்லரான் கடைசிவரை பேச்சுக் கேட்கும். கட்டி முடித்த பிறகு குணம் சரியில்லை என்றால் அடிப்பகுதியின் முன்விளிம்பில் முக்கோணப் பட்டை ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டினால் போதும். முதலில் அங்கே காற்று பிய்யும், அந்தக் கலங்கிய காற்று வாலில் அடித்துக் குச்சி நடுங்கும். அந்த நடுக்கம் உங்களுக்கான மணி. பெரும்பாலான வீட்டு விமானங்களின் குறை இந்தத் திருகு சரியில்லாதது அல்ல, இடதும் வலதும் ஒன்றுபோல் இல்லாததுதான். இடது இறக்கையின் முன்விளிம்பில் பட்டி அரை மில்லிமீட்டர் கூட இருந்தால் அந்தப் பக்கம் முதலில் விழும். தகரத்தில் ஒரு அச்சு வெட்டி இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள், வெளிச்சம் தெரிகிற இடத்தில் தேயுங்கள். டூல்ரூம் ஆட்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.

திருப்பூர்க்காரர்கள் யாராவது இருந்தால் ஒரு கோன் நூல் கொண்டுவாருங்கள். நாலு அங்குல நூல் துண்டுகளை வரிசையாக இறக்கையின் மேல் டேப் போட்டு ஒட்டி, உள்ளே ஒரு கேமராவை வைத்துப் பறந்தால், காற்று எங்கே ஒட்டுகிறது எங்கே பிய்கிறது என்பது அப்படியே தெரியும். நேராகக் கிடந்த நூல்கள் எழுந்து ஆடத் தொடங்குகிற இடம் ஸ்டால் தொடங்குகிற இடம். பத்து ரூபாய் செலவு.

விமானத்தை முதலில் பறந்து பார்க்கிற ஆள் நீங்களாக இருக்கக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன். இடுக்கிப் பக்கத்துச் சஜி தாமஸ், காதும் கேளாத, பேச்சும் வராதவர், பழைய சாமான்களை வைத்து ஒரு சிறு விமானம் கட்டினார். 2017-ல் வந்த 'விமானம்' என்ற மலையாளப் படத்துக்கு அவர் வாழ்க்கைதான் மூலம். அந்த விமானத்தை ஓட்டிப் பார்த்தவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. கட்டியவருக்குத் தன் விமானத்தின் மேல் பாசம் இருக்கும். மூக்கு ஒருமுறை கோணலாக விழுந்தால், 'காத்து அடிச்சிருக்கும்' என்று மனசு சமாதானம் சொல்லிக்கொள்ளும். வேற்று ஆளுக்கு அந்தப் பாசம் இல்லை.

அந்த வேற்று ஆள் செய்ய வேண்டியதும் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. முதல் தடவை மையம் முன்பக்க எல்லையில் இருக்கும்படி மூக்கில் மணல் மூட்டை கட்டிப் பறக்க வேண்டும். மூட்டை நகரக் கூடாது, பட்டை போட்டு இறுக்குங்கள். தரையிலிருந்து 5,000 அடிக்கு மேலே போய், பாரசூட்டோடு, நேராகப் போய் மெல்ல மூக்கைத் தூக்கி ஸ்டால் பார்க்க வேண்டும். குறித்துக்கொண்டு இறங்க வேண்டும். அடுத்த தடவை மூட்டையை ஒரு அளவு பின்னால் நகர்த்தி, திரும்ப. இப்படிப் பத்துத் தடவை. எந்த இடத்தில் மூக்கு இறங்கத் தயங்குகிறதோ அதற்கு முன்னால் உங்கள் பின்எல்லை. வரைபடம் என்ன சொன்னாலும் சரி. அனுமதிக்கும் நாளாகும்தான். மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் மாடியில் கட்டிய விமானம் 2016-ல் காட்சிக்கு வந்து, 2017-ல்தான் பதிவுச் சான்று பெற்றது. அரசாங்கத்தின் தாமதத்தைத் திட்டுகிறவர்களோடு நானும் சேர்ந்து திட்டுவேன். ஆனால் விமானத் துறையின் டி.ஜி.சி.ஏ. கேட்கிற எடைத்தாளைத் திட்ட மாட்டேன். 1934-ஆம் வருட விமானச் சட்டம் போய் பாரதிய வாயுயான் அதினியம் வந்துவிட்டது. எந்தச் சட்டம் வந்தாலும் அந்தத் தாள் போகப்போவதில்லை, போகவும் கூடாது.

நம் ஊரின் வெயிலையும் கணக்கில் சேருங்கள். கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,300 அடி உயரம். 35 பாகை வெயிலில் காற்று மெலிந்து, இறக்கைக்கு ஏறக்குறைய 4,000 அடியில் பறப்பது போலத் தெரியும். வேகமானி காட்டுகிற ஸ்டால் எண் மாறாது, ஆனால் தரையில் நீங்கள் ஆறு சதவீதம் வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஓடுபாதை குட்டையாகத் தெரியும். கண் ஏமாந்து, கை குச்சியை இழுக்கும். ஆடியில் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்காமல் சுற்றுகிற நாட்களில் முதல் பறப்பு வேண்டவே வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் விடிந்த ஒரு மணி நேரம், புகை நேராக மேலே போகிற நேரம், அதுதான் உங்களுடையது.

பொள்ளாச்சிக் கொட்டகையில் பேட்டரியை மாற்றிவிட்டார்கள். டேங்க்கையும் முன்னால் கொண்டுவருகிறார்களாம், மறுபடி எடை போட வரச் சொல்லியிருக்கிறார்கள். ரசமட்டமும் தூக்குக்குண்டும் முத்திரைக் கல்லும் என் வண்டியிலேயே இருக்கின்றன. உங்களில் யாருக்கு வேண்டுமானாலும் வருவேன், டீ மட்டும் போதும். ஒன்றே ஒன்று, எடை போடுகிற நாளில் கொட்டகைக் கதவைச் சாத்தி வையுங்கள். நான் சொன்னதைக் கேட்காமல் ஒரு இடத்தில் கதவைத் திறந்து வைத்தார்கள். மேல்காற்று உள்ளே வந்து இறக்கையைத் தூக்கியதில் தராசு பதினொரு கிலோ குறைத்துக் காட்டியது, அரை நாள் வேலை வீண்.

இப்படிக்கு,
பீளமேட்டிலிருந்து ஒரு பழைய டூல்ரூம்காரன்